குவியலும் குப்பையும்

குப்பை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நாம் முகஞ்சுளிக்கிறோம். ஆயின் அச்சொல் தோன்றிய காலத்தில் அதற்கு இழிவு ஒன்றும் இல்லை. குவியல் என்பதே அதன் பழம்பொருள். களத்திலே குவிந்த நெல்லும், உப்பளத்திலே குவிந்த உப்பும் பழந்தமிழ் நூல்களில் குப்பை என்றே வழங்கப்பெற்றன. நெற்குப்பை என்றால் ஓர் ஊரார் ஓராண்டுக்கு உண்ணும் உணவு. அவ்வாறு செல்வத்தைக் குறித்த சொல், காலப்போக்கில், எவரும் தொட விரும்பாத ஒன்றைக் குறிக்கும் சொல்லாகத் தாழ்ந்துவிட்டது.

மாணவர்களே! அச்சொல் ஏன் இங்ஙனம் தாழ்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். நெற்குப்பையில் நெல் மட்டுமே இருந்தது. பதரைத் தூற்றி, கல்லைப் பொறுக்கி, வைக்கோலை வேறாகப் போர் வைத்த பின்னரே உழவன் நெல்லைக் குவித்தான். அக்குவியலில் ஒரு கைப்பிடி கண்ணாடித் தூளைக் கலந்துவிட்டால் என்னாகும்? நெல் நெல்லாகவே இருக்கும். கண்ணாடியும் கண்ணாடியாகவே இருக்கும். ஆயினும் அக்குவியல் உண்ணவும் உதவாது, விற்கவும் உதவாது. அதனை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதன்றி வேறு வழியில்லை. கலவாத குவியல் செல்வம். கலந்த குவியல் குப்பை. இவ்வொன்றை உணர்ந்துவிட்டால், இக்காலத்தில் ஊர்தோறும் பெருந்தொல்லையாக வளர்ந்துள்ள குப்பைச் சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும். அம்முடிச்சு ஊர்ப்புறத்துக் கிடங்கில் இல்லை; நம் வீட்டு அடுக்களையின் மூலையில் இருக்கிறது.

எங்கள் ஊராகிய வாலாஜாபாத் பாலாற்றங்கரையில் உள்ளது. ஆர்க்காட்டு நவாபாக விளங்கிய முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது. ஊரைச் சூழ வயல்களும் ஏரிகளும், தறியொலி கேட்கும் சிற்றூர்களும் உண்டு. என் இளமைக் காலத்தில் இங்கே ஒவ்வொரு வீட்டுப் பொருளும் எவ்வழிச் சென்றது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அரிசி களைந்த நீரும், வடித்த கஞ்சியும் மாட்டின் கழுநீர்த் தொட்டிக்குச் சென்றன. காய்கறித் தோலையும் வாழைப்பழத் தோலையும் மாடு தின்றது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க உதவிற்று. பெருக்கி அள்ளிய சருகும் சாணமும் கொல்லையிலிருந்த எருக்குழியில் விழுந்தன. உழவு தொடங்கும் பருவத்தில் மாட்டு வண்டியேறி வயலுக்குப் போயின. கொட்டாங்கச்சி அகப்பையாயிற்று, அன்றேல் அடுப்பெரித்தது. அன்னையின் நூற்சேலை கிழிந்தால் குழந்தைக்குத் தூளியாகும். தூளி நைந்தால் கரித்துணியாகும். கரித்துணியும் நைந்தால் விளக்குக்குத் திரியாகும். ஓட்டை விழுந்த இரும்புச் சட்டியைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற சிறுவர்களுள் நானும் ஒருவன். காஞ்சிப் பட்டுச் சேலை கிழிந்தாலும் அதன் சரிகையில் உள்ள வெள்ளிக்காக அதனை விலைகொடுத்து வாங்குவோர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

இதனைக் கூறுவதால், அக்காலத்தார் நம்மினும் ஒழுக்கத்தில் உயர்ந்தோர் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் பொருள்கள் குறைவாக இருந்தன. இருந்த பொருள்களுட் பெரும்பாலன மண்ணிலே பிறந்து மண்ணிலே மக்குவனவாக இருந்தன. அன்றியும், அக்காலத்தில் ஒரு பெருங்குற்றமும் இருந்தது. ஊரைத் தூய்மை செய்யும் பணியைப் பிறப்பின் பெயரால் ஒரு சில மக்களின் தலையிற் சுமத்தி, அப்பணியைச் செய்ததற்காகவே அவர்களை ஒதுக்கியும் வைத்தனர். அழுக்கைச் செய்தவன் தூயவன். அதனை நீக்கியவன் தீண்டத்தகாதவன் என்பது எவ்வளவு கொடிய முறை! 1901-ஆம் ஆண்டு கல்கத்தாவில் காங்கிரசு மாநாடு கூடியபோது, ஆங்கிருந்த கழிப்பிடங்களின் தூய்மைக்கேட்டைக் கண்ட காந்தியடிகள், தாமே துடைப்பத்தை எடுத்துத் தூய்மை செய்தார். அவர் எடுத்த துடைப்பம் தரையின் அழுக்கை மட்டுமன்றி, நம் மனத்தின் அழுக்கையும் நோக்கி எடுக்கப்பட்டதாகும். ஆதலின் பழைமையில் கொள்ளத்தக்கதைக் கொள்வோம், தள்ளத்தக்கதைத் தள்ளுவோம்.

இன்று நிலை மாறிவிட்டது. எருக்குழி இருந்த கொல்லையில் வீடுகள் எழுந்துவிட்டன. மாடு வளர்ப்போர் அருகிவிட்டனர். பாலும் எண்ணெயும் உறைகளில் வருகின்றன. நெகிழி என்னும் புதுப்பொருள் எல்லா இடத்தும் புகுந்துள்ளது. அது வலியது, இலேசானது, நீர் புகாதது, விலை மலிந்தது. மருத்துவமனையிலும் வேளாண்மையிலும் அதனால் விளையும் நன்மை பெரிது. ஆயின் அதன் நீடுழைக்கும் தன்மையே, எறியும் பொருளாக அதனைக் கொள்ளும்போது தீமையாக முடிகிறது. கடையிலிருந்து வீடு வருமளவும் கால் நாழிகை பயன்பட்ட பை, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணுள் மக்காமற் கிடக்கும். கால் நாழிகைப் பயனுக்கு ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட சுமையை விலையாகக் கொடுப்பது அறிவுடைமை ஆகுமா?

இப்பொருளும் அடுக்களைக் கழிவும் ஒன்றாய்க் கலந்தால் நேரும் கேடுகளைக் காண்போம். சோறும் காயும் காற்றுப் படும்படி கிடந்தால் மக்கி உரமாகும். அவையே நெகிழிப் பையுள் கட்டுண்டு, காற்றுப் புகாத பெருங்குவியலின் அடியிற் கிடந்தால் அழுகி மீத்தேன் என்னும் வளியை வெளிவிடும். அவ்வளி எளிதில் தீப்பற்றும். நூறாண்டுக் கணக்கில் நோக்கினால், கரியமிலவாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை அது புவியிற் சிறைப்படுத்தும். 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத இறுதியில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ, சில நாள்வரை அணையாது புகைந்து, சுற்றுப்புறத்து மக்களை மூச்சுத் திணறச் செய்தது. குப்பையிலிருந்து கசியும் கருநீர் நிலத்துள் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கும். எங்கள் பாலாறு ஆண்டிற் பெரும்பகுதி மணலாகவே தோன்றும். எனினும் அம்மணலின் அடியில் ஊறும் நீரே எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீர். அதன் கரையிற் கொட்டும் ஒவ்வொரு கூடைக் குப்பையும் நம் குடத்திலேயே கொட்டுவதை ஒக்கும்.

கேடு இம்மட்டோ? பழத்தோலின் மணத்தை நாடி வரும் பசு, பழத்தோலோடு பையையும் சேர்த்து விழுங்குகிறது. விழுங்கிய பை அதன் இரைப்பையிலேயே தங்கி, நாளடைவில் உயிரையும் வாங்குகிறது. எறிந்த கொட்டாங்கச்சியிலும் குவளையிலும் தேங்கிய மழைநீரில் ஏடிஸ் என்னும் கொசு முட்டையிட்டு, டெங்குக் காய்ச்சலைப் பரப்புகிறது. குப்பையை ஒழிக்கிறோம் என்று தெருமுனையிலே தீ வைப்போரும் உளர். குளோரின் கலந்த நெகிழி எரியும்போது டையாக்சின் என்னும் நஞ்சு பிறக்கும். போகித் திருநாளில் பழம்பாய்க்கும் துடைப்பத்துக்கும் இட்ட தீ வேறு. இன்று வண்டிச் சக்கரத்தின் இரப்பருக்கும் நெகிழிக்கும் இடும் தீ வேறு. வழக்கத்தின் பெயர் ஒன்றாயினும் புகை ஒன்றன்று.

இவற்றையெல்லாம் நூல்களில் படித்து அறிந்திருந்தும், இவற்றின் பொருள் எனக்கு ஒரு நாள் காலையிலேதான் விளங்கியது. அதனை மறைக்காமற் கூறுவது என் கடமை. சில ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்காக வீட்டை ஒழுங்கு செய்தபோது, பழைய அரிக்கேன் விளக்கின் கண்ணாடிக் கூண்டு என் கை தவறி விழுந்து உடைந்தது. துண்டுகளைக் கூட்டி, அன்றைய காய்கறித் தோலோடும் கிழித்த தாள்களோடும் ஒரு பையிலிட்டு, வாயை இறுகக் கட்டி வாயிலில் வைத்தேன். மறுநாட் காலை தள்ளுவண்டியோடு வந்த தூய்மைப் பணியாளராகிய அம்மையார், மக்குவதை வேறாக்கும்பொருட்டு அப்பையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். கையுறை அணிந்திருந்தார், ஆயினும் கண்ணாடி அதனைக் கிழித்து உள்ளங்கையிற் பாய்ந்தது. குருதி சொட்ட நின்ற அவரைக் கண்டு நான் நடுங்கிப் போனேன்.

“அம்மா, தவறு என்னுடையது” என்றேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. “ஐயா, கண்ணாடி இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தனியே வாங்கிக்கொண்டிருப்பேனே” என்று மட்டும் கூறினார்.

கையில் தையல் இட வேண்டியதாயிற்று. ஒரு வாரம் அவர் பணிக்கு வரவில்லை. அவ்வாரம் முழுதும் அவர் கூறிய ஒரு சொல்லே என் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது. பாடலைச் சீர் பிரித்து, சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரித்துப் பொருள் காணும் முறையை ஆண்டுக்கணக்கில் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். என் வீட்டுக் கழிவை இரண்டாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நான் பிரிக்காமல் விட்டதைத்தான் அவ்வம்மையார் தம் கையாற் பிரிக்க நேர்ந்தது. வீட்டில் நாம் கலப்பதை எங்கோ ஒரு கை பிரித்தே தீர வேண்டும். அக்கை நம் கையாக இல்லாவிட்டால், ஓர் ஏழையின் கையாக இருக்கும். குப்பையைப் பிரித்தல் சுகாதாரச் செய்தி மட்டும் அன்று. அஃது அறச் செய்தியும் ஆகும் என்று நான் கருதுவது இதனாலேயாம்.

பிரிக்கும் முறை மிக எளிது. 2016-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வகுத்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஒவ்வொரு வீட்டாரும் கழிவை மூன்றாகப் பிரித்துத் தரவேண்டும் என்று கூறின. காய்கறித் தோல், மிஞ்சிய உணவு, பூ, இலை முதலிய மக்கும் பொருள்கள் ஒன்று. தாள், நெகிழி, உலோகம், கண்ணாடி முதலிய உலர்ந்த பொருள்கள் ஒன்று. மின்கலம், பழுதான விளக்கு, பழைய மருந்து, பூச்சிமருந்துப் புட்டி முதலிய தீங்கு தரும் பொருள்கள் ஒன்று. உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளிற் சுற்றி, வாயாலும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. இரண்டு கூடையும் ஒரு பெட்டியும் போதும். பொருளை எறியும் அந்தக் கணத்தில், இஃது எதில் சேரும் என்று எண்ணும் ஒரு நினைவு போதும்.

பிரித்த பொருள் எங்குச் செல்கிறது என்பதை அறிந்தால் அந்நினைவு வலுப்பெறும். மக்கும் பொருளை வீட்டிலேயே உரமாக்கலாம். பக்கத்தில் துளையிட்ட மண்பானை ஒன்றில் ஒரு படி கழிவும், அதன்மேல் உலர்ந்த சருகும் சிறிது மண்ணுமாக இட்டு, இடையிடையே கிளறிவந்தால், இரண்டு திங்களில் மண்மணம் கமழும் கரிய உரம் கிடைக்கும். நாற்றம் தோன்றினால் ஈரம் மிகுந்தது என்று அறிந்து சருகைக் கூட்டுக. வீட்டில் இடமில்லாதார் கொடுக்கும் மக்கும் கழிவைத் தமிழ்நாட்டுப் பேரூர்களில் வளம் மீட்புப் பூங்கா என்னும் இடங்களிற் சேர்த்து உரமாக்குகின்றனர். வளம் மீட்பு என்னும் பெயர் எத்துணைப் பொருத்தமானது! இழந்த வளத்தை மீட்டுத் தருவதன்றோ அங்கு நிகழும் பணி?

உலர்ந்த பொருளுக்கும் வழி உண்டு. இரும்பும் அலுமினியமும் கண்ணாடியும் எத்தனை முறை உருக்கினாலும் மீண்டும் பயன்படும். அலுமினியத்தை அதன் தாதுவிலிருந்து எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில், பழைய அலுமினியத்தை உருக்குவதால் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு மிச்சமாகிறது. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் என்பார், எறிந்த நெகிழியைத் துண்டாக்கிச் சூடான கருங்கல் சல்லியின்மீது தூவித் தாரோடு சேர்த்துச் சாலை அமைக்கும் முறையைக் கண்டார். 2018-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மற்றோர் ஊரில் சாக்கடையை அடைக்கும் பை, அம்முறையால் சாலையாய் அமைகிறது. ஆயின் ஒன்றை மறவற்க. அந்நெகிழி உலர்ந்ததாகவும் தூயதாகவும் இருத்தல் வேண்டும். பழங்குழம்பு ஒட்டிய பையைச் சாலைக்கும் எடுக்க இயலாது. காயலான் கடையிலும் வாங்கமாட்டார்கள். கலப்பு ஒன்றே பொருளைக் குப்பையாக்குகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கலந்தபின் பிரிப்பது எவ்வளவு அரிது என்பதற்கும் சான்று உண்டு. முற்கூறிய பெருங்குடிக் கிடங்கில் பல ஆண்டுகளாகக் குவிந்த குப்பையை அகழ்ந்து, இயந்திரங்களாற் சலித்து, மண் வேறு, கல் வேறு, நெகிழி வேறு எனப் பிரிக்கும் பணியைச் சென்னை மாநகராட்சி பல கோடி ரூபாய்ச் செலவில் மேற்கொண்டது. அடுக்களையில் ஒரு நொடியில் செலவின்றி முடியத்தக்க செயல், ஆண்டுகள் கழிந்தபின் கோடிகளைக் கொள்கிறது. நோயை வளரவிட்டு மருத்துவம் செய்வார் செயலை இஃது ஒக்கும்.

இனி, இதற்கு மாறாகக் கூறுவார் கூற்றுகளையும் கேட்போம். “நாங்கள் வரி செலுத்துகிறோம், குப்பையைப் பார்த்துக்கொள்வது உள்ளாட்சியின் வேலை” என்பர் சிலர். வரி செலுத்துவதால் வண்டி வரும், ஆள் வருவார். ஆயின் என் வீட்டுத் தோலையும் கண்ணாடியையும் எந்தக் கூடையில் இட்டேன் என்பதை என்னையன்றி வேறு யார் செய்ய இயலும்? மருத்துவருக்குப் பணம் கொடுத்தாலும் மருந்தை நாம்தானே விழுங்க வேண்டும்? “நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகவே கொட்டுகிறார்கள்” என்பர் வேறு சிலர். சில இடங்களில் இவ்வாறு நிகழ்வது மெய்யே. அதனை மறுக்க இயலாது. அங்ஙனம் நிகழுமிடத்து, உரியவரிடம் எழுத்து மூலம் முறையிடுதல் வேண்டும். பிரித்துக் கொடுத்தவனே அம்முறையீட்டைச் செய்யும் உரிமை உடையவன். கலந்து கொடுத்தவனுக்கு அவ்வுரிமை ஏது? அன்றியும், வீட்டிலேயே உரமாகிவிட்ட பொருளை எந்த வண்டியும் மீண்டும் கலக்க முடியாது.

“ஒரு வீடு செய்வதால் ஊர் திருந்துமோ?” என்பது மூன்றாவது ஐயம். இதற்குக் கணக்கே விடை கூறும். ஒரு வீட்டில் நாள் ஒன்றுக்கு ஒரு கிலோ கழிவு சேர்வதாகக் கொள்வோம். நூறு வீடுகள் கொண்ட ஒரு தெருவில் ஆண்டுக்கு 36,500 கிலோ சேரும். நம் நாட்டு வீட்டுக் கழிவில் பாதி அளவேனும் மக்கும் பொருளாகவே இருக்கும். அதனை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டால், அந்த ஒரு தெருவிலிருந்து மட்டும் ஆண்டுக்குப் பதினெண்ணாயிரம் கிலோவுக்கு மேல் ஊர்ப்புறம் செல்லாது நின்றுவிடும்.

சிலர் கூடிச் செய்த செயல் பலரைத் தூண்டியதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. இன்று தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மல், முன்னர்க் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அங்குள்ள சங்கரா நகரில் 1994-ஆம் ஆண்டில், மங்களம் பாலசுப்பிரமணியன் என்னும் அம்மையாரும் அண்டை வீட்டுப் பெண்கள் சிலரும் ஒரு மகளிர் மன்றம் கண்டனர். தெருவிற் கிடந்த குப்பையைக் கண்டு வருந்தியதோடு நில்லாது, வீடுதோறும் சிறுதொகை திரட்டி, பணியாளரை அமர்த்தி, கழிவைப் பிரித்து வாங்கி, மக்குவதை மண்புழு உரமாக்கினர். ஒரு தெருவில் தொடங்கிய பணி பின்னர் ஊரிலும் பரவியது. அவர்கள் தொடங்கியபோது அவர்களிடம் அதிகாரமும் இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை.

கேரளத்து ஆலப்புழை நகரத்தின் கதை வேறு வகையானது. நகரத்துக் குப்பை முழுதும் சர்வோதயபுரம் என்னும் சிற்றூரிற் கொட்டப்பட்டு வந்தது. அவ்வூரார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இறுதியில் வண்டிகளை மறித்துவிட்டனர். கொட்ட இடமின்றி நகரம் திகைத்தது. அதன்பின், 2012-ஆம் ஆண்டு முதல், கழிவை வீட்டிலேயே உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றும் முறையை நகரத்தார் மேற்கொண்டனர். 2017-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, உலகில் எடுத்துக்காட்டாகச் சுட்டிய நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்றாயிற்று. இதிலிருந்து நாம் அறிவது யாது? ‘ஊருக்கு வெளியே’ என்று நாம் சொல்லும் இடம், வேறொருவனுக்கு ஊருக்கு உள்ளே!

கடல் கடந்து நோக்கினால், சப்பான் நாட்டின் சிக்கோக்குத் தீவில் கமிகட்சு என்னும் மலையூர் உள்ளது. அங்கு வாழ்வோர் மிகச் சிலரே. 2003-ஆம் ஆண்டில் அவர்கள் குப்பையே இல்லாத ஊராக ஆவது என்று உறுதி பூண்டனர். குப்பை அள்ளும் வண்டி அவ்வூரில் இல்லை. மக்கும் கழிவை ஒவ்வொரு வீட்டாரும் தாமே உரமாக்கி, ஏனையவற்றைக் கழுவி உலர்த்தி, ஒரு பொது இடத்துக்குக் கொணர்ந்து, நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரித்து இடுகின்றனர். தமக்கு வேண்டாத நல்ல பொருளை வைத்துவிட்டுப் போகவும், வேண்டியவர் விலையின்றி எடுத்துச் செல்லவும் ஒரு கடையும் அங்கு உண்டு. அவர்கள் முழுவெற்றி பெற்றனர் என்று கூற இயலாது. நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கையே மீண்டும் பயன்படச் செய்கின்றனர். எஞ்சிய பங்கு, பிரிக்கவே முடியாதபடி பலவகைப் பொருளை ஒன்றாய் ஒட்டிச் செய்யப்பட்டது. எனவே, பிரித்தல் இன்றியமையாதது; எனினும் அது மட்டும் போதாது. எறியவேண்டிய பொருளை வாங்காமலே இருத்தல் அதனினும் தலையாயது.

இவ்வகையில் தமிழ்நாடு முன்னரே அடியெடுத்து வைத்துள்ளது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பதினான்கனுக்கு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் முதல் அரசு தடை விதித்தது. 2021-ஆம் ஆண்டு திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சப்பை நமக்குப் புதியதோ? திருமண வீட்டில் தாம்பூலத்தோடு தந்த பை அது. அதனை எடுத்துச் செல்பவனை நாட்டுப்புறத்தான் என்று ஒரு காலத்தில் நாமே நகைத்தோம். இன்று அறிஞர் பலரும் அதனையே நாடுகின்றனர். எனினும் தடைச் சட்டம் கடைக்காரரை நோக்கியது. கையில் பையின்றிக் கடைக்குச் செல்லும் நம்மைத் திருத்துவது நம் நினைவேயாகும். எண்ணெய்க்குத் தூக்கு, காய்க்குப் பை, விருந்துக்கு வாழையிலை, சிற்றுண்டிக்குத் தையல் இலை என்று கொள்வோமாயின், பிரிக்கவேண்டிய கழிவே பாதியாகும். தமக்கு வந்த கடித உறைகளைப் பிரித்து, அவற்றின் உட்புறத்தில் எழுதிய காந்தியடிகள் வறுமையால் அவ்வாறு செய்தாரல்லர். ஒரு பொருளின் பயன் முடியுமுன் அதனை எறிவது பிழை என்று அவர் கருதினார்.

நிறைவாக, எம் ஊர்ப்பக்கத்துக்கே உரிய ஒரு பெருமையை நினைவூட்டி, ஒரு வேண்டுகோளையும் கூற விரும்புகிறேன். பாலாற்றுக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு தேர்ந்தவர் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலிய குழுக்களில் ஓராண்டு பணியாற்றினர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரை மீண்டும் ஏற்கவில்லை. அன்று நிலமும் கல்வியும் உடைய ஒரு சாராரே அவ்வவையில் இடம்பெற முடிந்தது. அக்குறை இன்று நமக்கு வேண்டா. ஆயின் ஏரியைப் பேணுவது எவனோ ஒருவன் வேலை என்று விட்டுவிடாமல், ஊரைப் பகுத்து, முறைவைத்து, பொறுப்பேற்று, கணக்கும் காட்டிய அவ்வொழுங்கு நமக்கு வேண்டும்.

ஏரி வாரியம் கண்ட நாட்டில் தெரு வாரியம் காண இயலாதோ? வாலாஜாபாத்தின் ஒவ்வொரு தெருவிலும் ஆடவர், பெண்டிர், மாணவர் என ஐவர் ஓராண்டுக்குப் பொறுப்பேற்கலாம். குலமும் செல்வமும் பாராமல் எல்லார் பெயரையும் குடத்தில் இடலாம். எத்தனை வீட்டார் பிரித்துக் கொடுக்கின்றனர், எத்தனை வீட்டில் உரப்பானை உள்ளது என்பதைத் திங்கள்தோறும் தெருமுனைப் பலகையில் எழுதலாம். பணியாளர்க்கு நல்ல கையுறை கிடைக்கிறதா என்பதைக் கேட்டறிவதும் அவ்வாரியத்தின் கடமையாகட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. புது வரியும் வேண்டியதில்லை.

மாணவர்களே! பெரியவர்கள் பழக்கத்தின் அடிமைகள். அவர்கள் மாறுவது மெல்லத்தான். உங்களுக்கோ பழக்கம் இனிமேல்தான் அமையவேண்டும். இன்று மாலை வீடு சென்றதும் அடுக்களை மூலையிலுள்ள கூடையைப் பாருங்கள். அதில் எத்தனை பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன என்று எண்ணுங்கள். அருகில் இன்னொரு கூடையை வையுங்கள். நாளைக் காலையில் தள்ளுவண்டியோடு வரும் அண்ணனிடமோ அம்மாவிடமோ இரண்டையும் உங்கள் கையாலேயே கொடுங்கள். கொடுக்கும்போது அவருடைய கையை ஒரு முறை நோக்குங்கள். அக்கையில் காயம் படாதவாறு காப்பது, உங்கள் வீட்டு இரண்டாவது கூடையே.